பதினோரு சிலுவை

யெவ்டோக்கா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். மகளின் ஞானஸ்நானத்தன்று பாதிரியாரையே நிறுத்தி, "இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டவள். அப்படிப்பட்டவள், கனடாவில் உக்ரைன்காரர்கள் குடியேறிய வெர்பிவ்கா கிராமத்துப் பள்ளிக்கு வந்த புது வாத்தியாரைச் சும்மா விடுவாளா?

மார்க்கியான் ஹோலுப் வேற்று ஆள் இல்லை. உக்ரைன் கிராமத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறிக் கனடாவுக்கு வந்தவர். ஐந்து வருஷம் ரயில் பாதை போடும் கூட்டத்தில் கிடந்தார். பிறகு வின்னிபெக்கில் வாத்தியார் படிப்பு. பேச்சு, மீசை, பீட்ரூட் சூப்பை உறிஞ்சும் சத்தம் எல்லாம் நம் ஊர்தான். ஆனால் கோயிலில் கடைசி வரிசையில் நிற்பார். எல்லோரும் மூன்று விரலைக் கூட்டிச் சிலுவை போட்டுக்கொள்ளும்போது, இவருடைய வலது கை மட்டும் கோட்டுப் பையைவிட்டு வெளியே வராது. வகுப்பிலும் அந்தக் கைக்குத் தோலுறை. எழுதுவது இடது கையால். கேட்டால், குளிரில் நரம்பு செத்துப்போனதாகச் சொல்வார்.

"நரம்பா? அது மதம் மாறின கை" என்றாள் யெவ்டோக்கா, கணவன் புரோகிப்பிடம்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய வாத்தியார் வேற்றுச் சபை மிஷன் ஆள். விரத வெள்ளிக்கிழமையில் இறைச்சி ரொட்டியும் படப் புத்தகமும் கொடுத்தே, அவள் அண்ணன் பிள்ளைகள் மூவரையும் தன் சபைக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் இப்போது ஈஸ்டருக்குக்கூட அத்தை வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மிச்சமிருப்பது அவளுடைய ஒரே மகள் மெலாஷ்கா, பத்து வயது. அவளையும் பறிகொடுக்க யெவ்டோக்கா தயாராக இல்லை.

நவம்பரில் ஒருநாள் அப்பனும் அம்மாவும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது, மெலாஷ்கா வலது கையைத் தூக்கினாள். நடு மூன்று விரலும் மடங்கியிருக்க, கட்டைவிரலும் சுண்டுவிரலும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னடி இது?"

"வாத்தியார் இப்படிக் கையைத் தூக்கினா எல்லாரும் பேச்சை நிறுத்தணும்."

"விரலை எதுக்கு மடக்குறாரு?"

"சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கோம்."

யெவ்டோக்கா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். சிலுவை போடுகிற விரல்களையே மடக்கி, பிள்ளைகளுக்குப் பிசாசுக் கொம்பு காட்டப் பழக்கி, சத்தியமும் வாங்கியிருக்கிறான்!

"ஏதாவது விளையாட்டா இருக்கும்டி" என்றான் புரோகிப்.

"உன் மூளையை உருளைக்கிழங்கோட சேர்த்துக் குழியில போட்டு மூடுய்யா!"

மனு எழுத முடிவு செய்தாள். கல்வி இலாகாவுக்கு இங்கிலீஷில் எழுத வேண்டும். ஊரில் அது தெரிந்தவர் வாத்தியார். அவரை விட்டால் அவரிடம் படிக்கும் பிள்ளைகள். மெலாஷ்காவை உட்காரவைத்து அவளே சொன்னாள்.

"இந்த ஆளு பிள்ளைங்களுக்குப் பிசாசு முத்திரை பழக்குறான், உடனே தூக்குங்கன்னு எழுது."

"பிசாசுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?"

"உன் வாத்தியாரைக் கேளு... அய்யோ, கேட்டுத் தொலைக்காதே! கெட்டவன்னு எழுது, போதும்."

மெலாஷ்கா மளமளவென்று எழுதிக் கொடுத்தாள். முழங்கால் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள் யெவ்டோக்கா. அங்கே யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. பேருக்குப் பதில் ஒரு சிலுவைதான். தன்னுடையதையும் சேர்த்துப் பதினோரு சிலுவை விழுந்தது.

"அனுப்புறதுக்கு முன்னாடி, கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் வாத்தியாரைக் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போட்டுப் பாரேன்" என்றான் புரோகிப். அவளுக்கும் அது சரியாகப்பட்டது. கையும் களவுமாகப் பிடிக்கலாமே.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பண்டிகை வழக்கப்படி மேஜையில் வைக்கோல், அதன்மேல் விரிப்பு, நடுவே தேனும் கசகசாவும் கலந்த கோதுமை. புரோகிப் ஜெபம் சொன்னான். மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாத்தியார் தலையை மட்டும் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுல சிலுவை போடாம யாரும் கரண்டியைத் தொடுறதில்லை, வாத்தியாரே."

மெலாஷ்கா சட்டென்று கையைத் தூக்கினாள், மூன்று விரலையும் மடக்கி, அம்மாவுக்கு நேராகவே! யெவ்டோக்கா ஓங்கி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவளை அடிக்காதீங்கம்மா" என்ற வாத்தியார், தோலுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் விரலே இல்லை, தழும்புதான் இருந்தது.

"பாறைக்கு வெடி வெச்சப்போ போச்சு. ரெண்டு விரல்காரனுக்கு எவனும் வேலை குடுக்கலை, அதான் மறைச்சேன். பிள்ளைங்க ஒருநாள் பார்த்துட்டாங்க. நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"இடது கையால போட்டுக்கலாமே?" என்றான் புரோகிப்.

"சாமிக்கு முன்னாடி இடது கையா? மனசு வரலை. உள்ளுக்குள்ளேயே போட்டுக்குவேன்."

யெவ்டோக்கா அந்தக் கையை இழுத்துப் புரட்டி, தழும்பைத் தடவிப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குச் சந்தேகம்! தடவிய பிறகுதான் வெட்கம் வந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கிற விரலால போடுங்க. மிச்சத்தைச் சாமி சேர்த்துக்குவாரு."

அவர் போட்டுக்கொண்டார்.

அவர் கிளம்பியதும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மனுவை உருவி அடுப்பருகே கொண்டுபோனாள். மெலாஷ்கா பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள்.

"எரிக்காதேம்மா! எங்க வாத்தியார் ரொம்ப நல்லவர், அவரை எங்கேயும் மாத்திடாதீங்கன்னுதான் அதுல எழுதியிருக்கேன்."

பாதிரியாரையே நம்பாதவளைப் பத்து வயதுப் பெண் ஏமாற்றிவிட்டாள், கூடவே ஊரையும். அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள் யெவ்டோக்கா. மறுவாரம் மனுவைத் தானே தபாலில் சேர்த்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக அவளும் உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று வாத்தியார் கேட்டார்.

"இனிமே எந்தச் சிறுக்கியும் என்னை ஏமாத்தக் கூடாது."

ஹோலுப் அதே பள்ளியில் இருபத்தேழு வருஷம் இருந்தார். நடுவில் ஒருமுறை அவரை மாற்றப்போவதாகப் பேச்சு வந்தபோது மறுபடியும் ஒரு மனு போனது. இம்முறை யெவ்டோக்கா அதை எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, இரண்டு தடவை படித்த பிறகுதான் பேனாவைத் தொட்டாள். அந்த மனுவில் பத்துச் சிலுவைதான். பதினோராவது இடத்தில் யெவ்டோக்கா என்று கோணலாக ஒரு பேர் இருந்தது. அதை அவள் இடது கையால் எழுதியிருந்தாள். வாத்தியார் அப்படித்தானே எழுதிக் காட்டினார்.