தம்பிக்கு ஒரு துப்பாக்கி

சங்கரன்கோவிலில் தீபாவளித் துப்பாக்கிக்கு அலைய வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிவகாசி இங்கிருந்து கூப்பிடு தூரம். வானத்தில் போய்ப் பூப்பூவாக விரிகிற வெடியெல்லாம் கடை கடையாக அடுக்கியிருக்கிறது. கேப்புச் சுருளைப் போட்டு விசையை இழுத்தால் 'டப்' என்று வெடித்துக் கொஞ்சம் புகைவிடுகிற தகரத் துப்பாக்கிதான் இல்லை.

ஒரே நாளில் காணாமல் போயிருந்தால் கவனித்திருப்போம். தகரம் பிளாஸ்டிக் ஆனது, கறுப்பு ரோஸ் ஆனது, சுருள் கேப் ரிங் கேப் ஆனது. பிறகு கடையில் ஒரு மூலைக்குப் போனது. அப்புறம் நாங்களே கேட்பதை விட்டுவிட்டோம்.

கடைசியில் வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பழைய கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப யாரும்மா அதக் கேக்கா? பிள்ளையெல்லாம் போன்லல்லா சுடுதுவ. பேரனுக்கா?"

கல்யாணமே ஆகாதவளிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். "எனக்குத்தான்" என்றேன். மனிதர் வாயை மூடிக்கொண்டு பரணில் ஏறினார். துரு ஏறிய ஒரு துப்பாக்கியும் கொஞ்சம் சுருளும் கிடைத்தன.

உண்மையில் அது தம்பிக்கு. சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். இந்தத் தீபாவளிக்கு வந்து ரெண்டு நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தான். அந்த ரெண்டு நாளை நினைத்தே அந்த மாதத்தை ஓட்டினேன்.

சின்ன வயதில் அப்பா எங்களுக்கு ஒரு துப்பாக்கிதான் வாங்குவார். அவன் சுடுவான், நான் சுருள் மாட்டிக்கொடுப்பேன். ஐப்பசி மழையில் கேப் நமுத்துவிடும். வெயில் தலைகாட்டினால் அம்மா சுளகில் வத்தலுக்குப் பக்கத்திலேயே அதையும் காயப்போடுவாள். தீபாவளி விடிகாலையில் சாமி முன்னால் புதுத்துணியோடு துப்பாக்கியையும் வைத்து, துணி ஓரத்தில் தடவுகிற மஞ்சளைத் துப்பாக்கிப் பிடியிலும் தடவுவாள். சாமிக்கு ஆயுதம் புதிதா என்ன.

இந்த வருஷம் எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். முந்தின ராத்திரி வந்து இறங்கிய தம்பி, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து துப்பாக்கியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தான்.

"இது எங்கனக்கா கெடச்சுது?"

"கேள்வி கேக்காம சுடுலே."

நான் சுருள் மாட்டிக்கொடுத்தேன். நாலைந்து வெடித்தது, நடுவில் ஒன்றிரண்டு புஸ்ஸென்று போனது. அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே முற்றத்தில் நடந்தவன் சாப்பாட்டு நேரம்வரை நடந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் பார்த்தால் பையை மூடுகிறான்.

"ஆபீஸ்ல அவசரம்க்கா. டிக்கெட்ட மாத்திட்டேன். அடுத்த வருசம் கண்டிப்பா வாரேன்."

துப்பாக்கியை நீட்டினேன்.

"இத பிளேன்ல விடமாட்டாங்கக்கா. நீயே வச்சுக்கோ."

அவன் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. துப்பாக்கியை எடுத்துப் போக வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அந்தச் சுருள் தீரும்வரையாவது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

ஆட்டோ தெரு திரும்பியதும் வீடு தாங்க முடியாத அமைதியாகிவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். சுட்டேன். இந்தத் தடவை நன்றாகவே வெடித்தது. இன்னொன்றும் சுட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அக்கா குரல் கொடுத்தாள். "தம்பி வெடிக்கானா? ஆட்டோ சத்தம் கேட்டுதே, இன்னும் கெளம்பலியா?"

"இல்லக்கா. ரெண்டு நாள் இருப்பான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. நல்லநாளும் பொழுதுமா நீ தனியாக் கெடப்பியேன்னு நெனச்சேன். வெடிக்கட்டும், வெடிக்கட்டும்."

சொன்ன பிறகு நிறுத்த முடியுமா? சுருள் தீரும்வரை சுட்டுக்கொண்டே இருந்தேன். தீர்ந்ததும், சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"போதும்லே, சாப்பிட வா."