நீல வண்டிக்கு வாங்கிய டயர்

பண்ருட்டி ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை அறுத்துப் போட்டார்களே, அந்த வருஷம்தான் என் மகன் அந்த நீல வண்டியை வாங்கிக்கொண்டு வந்தான். மரம் அறுக்கிற மெஷின் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அந்தச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு வேறொரு சத்தம் வந்து வாசலில் நின்றது. எட்டிப் பார்த்தால் இவன்.

பழைய வண்டிதான். பாண்டியில் யாரோ ஓட்டிவிட்டு விற்றது. ரேஸில் ஓட்டுகிற ஜாதி. ஹேண்டில்பார் கீழே இருக்கும், ஓட்டுகிறவன் வயிற்றை டேங்க் மேல் சாய்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

"என்னாடா இது, நாத்து நடற மாதிரி குனிஞ்சிகினு வர்ற?" என்றேன்.

"நீ ஏறி உக்காந்து பாருப்பா, அப்பறம் சொல்லு."

ஏறினேன். இறங்கத்தான் முடியவில்லை. அவன் அம்மாவும் அவனுமாகச் சேர்ந்து என் காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார்கள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீடு சுரங்கக் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிற நகரியத்துக்கு வெளியே இருக்கிறது. ஊர் நிலம் சுரங்கத்துக்குப் போனதும் கொடுத்த மனையில் கட்டினது. நான் சுரங்கத்தில் பெல்ட் வேலை பார்த்தேன். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடுமே ரப்பர் பெல்ட், அது கிழிந்தால் சூடு காட்டி ஒட்டுகிற ஆட்களில் ஒருவன். கான்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அதற்குள் எனக்கு வயசாகிவிட்டது. மகனும் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால், பெர்மனென்ட் ஆகட்டும் என்பான். ஷிப்ட் முடிந்து வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எங்கே போகிறான், எப்படி ஓட்டுகிறான் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வருகிற சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

முத்தாண்டிக்குப்பத்தில் என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சம் பலாமரம் உண்டு. பழம் இறக்குகிற சமயத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று அக்கா சொன்னதும் இவன் போனான். பலாப்பழத்தை அறுத்துத் தூக்கிப் போடக் கூடாது. கயிறு கட்டிப் பிள்ளையை இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்க வேண்டும். எல்லாப் பழத்தையும் அப்படிப் பத்திரமாக இறக்கிவிட்டு, கயிற்றையும் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு இறங்கினான். அப்போதுதான் விழுந்தான்.

பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இடுப்புக்குக் கீழே இனி வராது. நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய், "கொஞ்ச நாள் ஆவுமாம்" என்றேன். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் கொஞ்ச நாள். சூப்பர்வைசர் போன் பண்ணினால் கொஞ்ச நாள். அவனும் அதையேதான் சொன்னான்.

ஜன்னல் ஓரம் கட்டில். ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் அந்த வண்டி. இப்படியே ஒரு வருஷம் போயிற்று. மறுபடி பலா வாசனை வர ஆரம்பித்த ஒரு காலையில் நான் அவனுக்குப் பல் துலக்கத் தண்ணீர் கொண்டுபோனேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டயரு செத்துப்போச்சுப்பா."

போய்ப் பார்த்தேன். காற்று இறங்கி, ஓரமெல்லாம் வெடிப்பு விட்டு, வெயிலில் காய்ந்த கரம்பை மண் மாதிரி இருந்தது.

"ரெண்டுத்தையும் மாத்திடலாம்பா. அவன வரச் சொல்றேன்" என்றான்.

அவன் என்றால் மகனோடு வேலை பார்த்த பையன். இவனைவிடச் சின்னவன், வண்டி என்றால் உயிர் அவனுக்கும். என்னைப் பெரிப்பா என்பான்.

மகனின் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படியில் இருந்தே என்னிடம் கத்தினாள். "ஏறி ஓட்றவன் படுத்துகினு கெடக்கறான். வண்டிக்கு என்னாத்துக்கு புது செருப்பு?"

உள்ளேயிருந்து அவன் சொன்னான்: "எனக்குத்தான் செருப்பு வேணாம். அதுக்காவது வாங்கிப் போடும்மா."



இந்த மாதிரி வண்டிக்கு இங்கே பஜாரில் டயர் கிடைக்காது, பாண்டிக்குத்தான் போக வேண்டும் என்றான் பையன். வண்டியைக் கட்டை கொடுத்து நிறுத்தி இரண்டு சக்கரத்தையும் கழற்றினான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பாண்டி மார்க்கெட்டுக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போகிற மினி லாரி ஒன்றில் சொல்லி வைத்தான். பழத்துக்கு மேலே சக்கரங்களைக் கட்டிவிட்டு நாங்கள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் அந்த வாசனை. முன்பெல்லாம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு முழுப் பழத்தை நானே உரித்து முடிக்கிறவன். அந்த டிரைவர் நல்ல மனுஷன், ஒரு சுளை எடுத்துக் கொடுத்தான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

டயர் கடைக்காரருக்கு நாற்பது வயசிருக்கும். சக்கரத்தைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு ஓட்றது?"

"என் புள்ள."

"எப்பிடி ஓட்டுவாரு? தெனம் வேலைக்குப் போவத்தானா, இல்ல தூரப் பயணமா? வளைவுல சாய்ச்சி ஓட்டுவாரா?"

பெற்ற அப்பன், பிள்ளை எப்படி ஓட்டுவான் என்று தெரியாமல் நின்றேன். "நல்லா ஓட்டுவான்ங்க" என்றேன். பையன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். எனக்கு அதில் இருக்கிற எழுத்தும் தெரியாது, நம்பரும் தெரியாது. ஆனால் ரப்பர் தெரியும். பெல்ட்டைப் பார்க்கிற மாதிரியே கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினேன். ஒன்றில் நகம் பதிந்தது, இன்னொன்றில் பதியவில்லை. பெல்ட் என்றால் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். கல்லும் மண்ணும் அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கும், நகம் பதிகிற ரப்பர் தாங்காது.

"இதக் குடுங்க. அது மெத்துனு கெடக்குது, ஒழைக்காது" என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பெரியவரே, இது மண்ணு சொமக்கற சாமான் இல்ல. மெத்துனு இருந்தாத்தான் ரோட்டப் புடிக்கும். கெட்டியா இருக்கறது லைஃப் வரும், வருஷக் கணக்குல ஓடும். ஆனா வளைவுல அந்தப் புடி இருக்காது. இது கிரிப்பு. ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். லைஃப் வேணுமா கிரிப்பு வேணுமா, அதச் சொல்லுங்க."

"லைஃப்பே குடுங்க."

"அண்ணனக் கேட்டுடலாம் பெரிப்பா" என்று பையன் போனில் வீடியோ போட்டான். மகன் முகம் வந்தது. தலையணைக்கு மேல் தலை மட்டும். கடைக்காரருக்கு அது தூங்கி எழுந்த முகமாகத்தான் தெரிந்திருக்கும்.

"அந்த ரெண்டாவத கிட்ட காட்டுடா. எப்ப செஞ்சதுனு பாரு, பழசத் தள்ளி வுட்டுடப் போறாரு" என்றான் மகன்.

"யோவ் தம்பி, போன மாசம் வந்த சரக்கு!" என்றார் கடைக்காரர்.

"எல்லாக் கடையிலயும் போன மாசந்தான்ணே வருது."

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக அவன் இவ்வளவு கணீரென்று பேசி நான் கேட்கவில்லை. அந்தத் தெம்பில் நான் போனைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"தம்பி, கெட்டியா இருக்கறது எடுத்துக்கலாண்டா. வருஷக் கணக்குல வருமாம். கொஞ்ச நாள்ல நீ எழுந்து ஓட்டறப்ப, அப்பறம் அடிக்கடி மாத்திகினு இருக்க வேணாம் பாரு."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு லைஃப் வேணாம்பா. கிரிப்பு போதும்."

"அப்பிடிப் போடு! இதான் ஓட்றவன் பேச்சு!" என்று கடைக்காரர் கையைத் தட்டினார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும். பையன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். நான் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இவனுக்குத் தெரியும். டாக்டர் என்னிடம் சொன்னது எல்லாமே என் மகனுக்குத் தெரியும். எனக்காகத்தான் இத்தனை நாளும் கொஞ்ச நாள், கொஞ்ச நாள் என்று சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

மெத்தென்று இருந்ததையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து மாட்டி முடித்ததும் பையன் ஸ்டார்ட் பண்ணினான். மகன் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான். ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னான், இன்னும் கொஞ்சம் என்றான். அப்புறம் ஜன்னல் வழியாகச் சொன்னான்: "புது டயரு வழுக்கும், மொதல்ல சாய்க்காத. மேல் பூச்சு போவட்டும். தெனம் நீதான் ஓட்டணும், ஓட்டிட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்."

அன்றிலிருந்து பையன் ஷிப்ட் முடிந்து தினமும் வருவான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்காருவான். எந்த வளைவு, எத்தனை வேகம், எதிரே என்ன வந்தது என்று மகன் ஒன்று விடாமல் கேட்பான். "எவ்ளோ சாஞ்ச?" என்றால் பையன் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டுவான். மகன் நம்ப மாட்டான். டயர் ஓரத்தைப் போனில் படம் பிடித்துக் காட்டச் சொல்லுவான். வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஓரம் வரைக்கும் தேயுமாம். தேயாத பட்டை ஓட்டுகிறவனின் பயமாம்.

"இன்னும் ரெண்டு வெரல் பாக்கி கெடக்குது. நீ வண்டி ஓட்னியா, பால் ஊத்தப் போனியா?"

"ண்ணா, லாரி வந்துச்சுண்ணா."

"லாரி தெனம் வரும். நாளைக்கு ஒரு வெரல் கொறையணும்."

மகனின் அம்மா இரண்டு பேருக்கும் டீ வைத்துவிட்டு, திட்டிக்கொண்டே நின்று கேட்பாள். நானும் கேட்பேன். என் மகன் எப்படி வண்டி ஓட்டியிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் மகனுக்குச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். "ப்பா, ஆஸ்பத்திரியில நீ வெளிய போய்ட்டு உள்ள வந்த பாரு, அந்த மூஞ்சிலயே தெரிஞ்சிபோச்சு. உனக்கு நடிக்க வரல" என்றான். நான் சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு நல்லா வந்துச்சுடா" என்றேன். அவ்வளவுதான் அதைப் பற்றி நாங்கள் பேசினது.

ஐப்பசி மழையில் படுக்கைப் புண்ணால் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. புரட்டிப் படுக்க வைத்தோம், மருந்து போட்டோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். அவன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் என்னால் சொல்ல முடியாது.

வண்டி பையனுக்கு என்று மகனே சொல்லிவிட்டுப் போயிருந்தான். பையன் மாட்டேன் என்று அழுதான். மகனின் அம்மாதான் சாவியைக் கையில் திணித்து அனுப்பினாள்.

இப்போது நான் சொல்ல வந்தது இதுதான். மகன் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போன வாரம் மெயின் பஜாரில் டீக்கடை ஓரம் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் போய்ப் பின் டயரைத் தடவினேன். நடுவில் ஒன்றுமே இல்லை. பள்ளம், கோடு எல்லாம் போய் வழவழவென்று இருக்கிறது. ஓரம் மட்டும் நன்றாக இருக்கிறது. பையன் இப்போது சாய்ப்பதே இல்லை போல. தேய்ந்துவிடக் கூடாது என்று நேராக, மெதுவாக, மாட்டு வண்டி மாதிரி ஓட்டியிருக்கிறான். அப்படியும் தேய்ந்துவிட்டது.

டீ கிளாஸோடு வந்தவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாத்துடா தம்பி. மழ வரப் போவுது" என்றேன்.

"அண்ணன் எடுத்துக் குடுத்தது பெரிப்பா. கழட்ட மனசு வரல."

"டேய், அவன் எடுத்துக் குடுத்ததே ஓட்டறதுக்குத்தாண்டா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் என்னைத் தூரத்தில் பார்த்தாலே வேறு தெருவில் திரும்பிவிடுகிறான். போன் எடுப்பதில்லை. பண்ருட்டி ரோட்டில் மண் லாரி போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு தூறல் விழுந்தால் சேறு எண்ணெய் மாதிரி ஆகிவிடும். அந்த டயர் அதில் நிற்காது. அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். நான் ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று.

நீங்கள் முத்தாண்டிக்குப்பம் பக்கமோ நகரியத்துப் பக்கமோ போகிறவராக இருந்தால், நீல வண்டியில் மெதுவாகப் போகிற ஒரு பையனைப் பார்த்தால், நிறுத்திச் சொல்லுங்கள். நான் சொல்லிக் கேட்கவில்லை, நீங்கள் சொன்னால் கேட்பான். மழைக்கு முன்னால் மாற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றின டயரை எங்கேயும் தூக்கிப் போட வேண்டாம், பெரிப்பா வீட்டில் கொண்டுவந்து கொடுக்கட்டும், நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.