அம்மா வீட்டில் இல்லாத நாளில் சொல்லப்பட்ட பதில்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகள் எழுதுவது. நல்லதை மட்டும் எழுதும்படி சிலர் கேட்டார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். அதற்குள் ஒரு கசப்பும் வருகிறது. அதை விட்டுவிட்டால் அம்மா பட்ட பாடு உங்களுக்கு விளங்காது.

அம்மா தோட்டவெளி ஊரில் பிறந்து ஓலைத்தொடுவாய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கடலில் தவறினார். அதன்பின் அம்மா கருவாடு போட்டு எங்கள் இருவரையும் வளர்த்தார். வெளி அலுவல்களுக்கு அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, முன்னின்றார். அம்மா அவரை 'அத்தான்' என்று அழைப்பார்; முழுதாக நம்பினார்.

தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பலத்த சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். "தாய் செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டா" என்றது ஊர். அம்மா அவனை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பல தடவை போய்வந்த பிறகு வைத்தியர் இது ஓட்டிசம் என்றார். திரும்பும் பஸ்ஸில் அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வளர்த்த பிழை இல்லையாம் பிள்ளை" என்றார்.

இப்போதே பயிற்சி தொடங்கினால் பேச்சு வரலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். விசேட வகுப்பில் ஓர் இடத்துக்கும் மாதாந்த உதவிக்கும் அம்மா விண்ணப்பித்தார். வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்த நாளில் நாங்கள் கிளினிக்கில் இருந்தோம். பெரியப்பாதான் பதில் சொன்னார். "எல்லாம் விளங்கப்படுத்திவிட்டனான் பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதை" என்று அம்மாவிடம் சொன்னார்.

மாரி முடிந்து கோடையும் வந்துவிட்டது. ஒரு தகவலும் இல்லை. கடைசியில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, விண்ணப்பம் கொடுத்த அரச கந்தோருக்குப் போனார். அங்கிருந்த உத்தியோகத்தர் வியப்போடு பார்த்தார்.

"பிள்ளை தேறிட்டான், ஒரு உதவியும் வேண்டாம் எண்டு உங்கட அத்தான்தானே சொன்னவர்? அந்த இடத்தை வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டம் அம்மா."

அம்மா நேராகப் பெரியப்பா வீட்டுக்கு நடந்தார்.

"ஏன் அத்தான் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

பெரியப்பா மறுக்கவில்லை. "உன்ர மூத்தவளுக்காகத்தான் சொன்னனான். இப்பிடி ஒரு தம்பி இருக்கிறான் எண்டு பதிஞ்சால் நாளைக்கு ஆர் இவளைக் கேட்டு வருவினம்? என்ர பெட்டையளும் இருக்குதுகள்."

"இவள் உங்களிட்டை வந்து கேட்டவளோ?"

நான் அங்கேதான் நின்றேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரியாமல், என் பெயரைச் சொல்லி, என் தம்பிக்கு வரவேண்டியதைத் தடுத்திருந்தார். வேற்றாள் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

அம்மா தானே அலைந்து மறுபடி விண்ணப்பித்தார். இடம் கிடைத்தபோது தம்பிக்கு ஏழு வயது கடந்துவிட்டது. படங்களைக் காட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்க அங்கே பழகினான். சொற்கள் மிகச் சிலவே வந்தன. அவற்றில் 'அம்மா'வும் ஒன்று. இப்போது ஒவ்வோர் அறையாகப் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறான்.

பெருநாள் வந்தால் பெரியப்பா வீட்டுக்கும் பலகாரம் அனுப்ப அம்மா தவறியதில்லை. ஆனால் அதன்பின் எந்த அலுவலையும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. புற்றுநோயோடு படுத்திருந்த கடைசி நாட்களிலும் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தம்பியைப் பற்றி ஆர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு."

தம்பிக்குப் பொறுமையோடு கற்பித்த ஆசிரியைக்கும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவனைத் தன் பிள்ளைபோல் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், செபித்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெரியப்பா, நீங்கள் அம்மாவின் பெட்டியைத் தோளில் சுமந்தீர்கள். அதற்கும் நன்றி. அதற்கு மேல் சொல்ல என் மனம் இன்னும் இடம் தரவில்லை.

இனித் தம்பிக்குப் பொறுப்பு நான். என்னைப் பெண் கேட்டு வருபவர்கள் முதலில் அவனைப் பார்க்கட்டும். விசாரிக்க வருபவர்கள் என்னிடமே கேட்கட்டும். நான் இல்லாவிட்டால், வரும்வரை காத்திருக்கட்டும்.