முதல் வண்டியில் ஏறாத தனசேகரன்

சென்ற அமாவாசையன்று செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்று, மேல்மலையனூருக்குச் சிறப்புப் பேருந்துகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். தனசேகரனின் மனைவி கலா கைபேசியில் அழைத்தாள். "அண்ணா, இவரு போயிட்டாரு" என்றாள். அதற்குப் பிறகும் மூன்று வண்டிகளை அனுப்பினேன். மாற்று ஆள் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவனை வீடியோ கேம் பற்றி இணையத்தில் எழுதியவராகத் தெரியும். எனக்கு அவன் நேரக் காப்பாளர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரன்.

கேம் கம்பெனிகள் புதுப் பெட்டியை, அதாவது டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலை, எப்போது வெளியிடவேண்டும் என்று அவன் எழுதியதெல்லாம் எங்கள் வேலையில் கற்றதுதான். "கூட்டம் சேரும்போதே வண்டிய உடணும்யா. முன்னாடியே உட்டா காலியா ஓடும். அடிதடி ஆனப்புறம் உட்டா, பாதிப் பேரு ஷேர் ஆட்டோல போயிருப்பான்." பழைய பெட்டிக்கே நல்ல விளையாட்டுகள் வந்துகொண்டிருந்தபோது புதியதை இறக்கிய ஒரு கம்பெனியை ஒரு வாரம் திட்டினான். அவர்களுக்குச் செஞ்சி எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்றேன். "அதனாலதான் தப்பு பண்றான்" என்றான்.

வாங்குபவர்களுக்கு வேறு புத்தி சொல்வான். "மொத வண்டில ஏறாதீங்க. ரெண்டாவது வண்டி வரும்." புதுப் பெட்டி வந்து ஒரு வருடம் கழித்து, சூடாகும் கோளாறையெல்லாம் கம்பெனி சரிசெய்த பிறகே வாங்குவான். அந்த விஷயத்தில் அவன் பேச்சைக் கேட்டுக் கெட்டவர் இல்லை.

பிறகு அவனுடைய இதய வால்வை மாற்றவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். மார்பைத் திறக்காமலே மாற்றும் முறை அந்த மருத்துவமனைக்கு அப்போதுதான் வந்திருந்தது; அதையே செய்துகொள்ளச் சொன்னார். "புதுசா எறக்கி இருக்கறாங்க. மொத லாட்டுல நானா? ஒரு வருஷம் போவட்டும்" என்றான்.

கலா என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னாதான் கேப்பாரு, அண்ணா." சொல்லத்தான் போனேன். அன்று இரண்டு ஷிப்ட் பார்த்த அலுப்பு. அவனிடம் வாதாடி ஜெயித்தவன் யார்? "சரிய்யா, நீ ரெண்டாவது வண்டிக்கே போ" என்றேன். இருவரும் சிரித்தோம். அதிலிருந்து எட்டாவது மாதம் போய்விட்டான்.

காரியத்தன்று கலா கேட்டாள்: "அன்னிக்கு இவருகிட்ட சொன்னீங்களா, அண்ணா?"

"சொன்னேம்மா" என்றேன். என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை.

நினைவுக்கு அவனுடைய கேம் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அன்று சேர்ந்து சிரித்த சிரிப்பு ஒன்றுதான். அதையும் நிம்மதியாக வைத்திருக்க முடியவில்லை. கலா, நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆபரேஷன் செய்துகொள் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை, அம்மா.