மயிலாத்தாளின் அண்டா மூடி

பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி அது. வெள்ளிக்கிழமை மதியமானால் நாலாம் வகுப்பு டீச்சர் அன்புக்கரசி புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவாள். அட்டை, கம்பி, குச்சி எல்லாம் வெளியே வரும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டவள். பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் தோது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

பிள்ளைகள் எப்போதும் ராக்கெட்டும் ரோபோவுமே செய்தார்கள். ஒரு நாள், "உங்களுக்காகச் செய்ய வேண்டாம். இன்னொருத்தர்கிட்ட என்ன சிரமம்னு கேட்டுட்டு வந்து செய்யுங்க" என்றாள்.

நவ்யா நேராகச் சமையல்கூடத்துக்குப் போனாள். "ஏனுங்க ஆயா, உங்களுக்கு எது சிரமமுங்க?"

சத்துணவு சமைக்கும் மயிலாத்தாள் சிரித்தாள். "எனக்கென்ன கண்ணு சிரமம்? போய்ப் படி சாமி."

ஆனால் திங்கட்கிழமை அவளே வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "அந்தப் புள்ள கேட்டுதுங்களே டீச்சர்... சோத்து அண்டா மூடியத் தொறந்தா ஆவி அடிச்சுப்போடுதுங்க." கையை நீட்டினாள். மணிக்கட்டு நெடுகத் தழும்பு. ஒன்பது வருடமாக அவள் கையால் சாப்பிடுகிற பள்ளிக்கூடம். இதை யாரும் கேட்டதில்லை.

பிள்ளைகள் முதலில் செய்த அட்டைப்பிடி ஆவியில் நனைந்து தொங்கிவிட்டது. அடுத்து, நீளக் குச்சியின் நுனியில் மூடி வளையத்தை மாட்ட ஒரு கொக்கி, கைக்கு மறைப்பாக ஒரு பக்கம் பிஸ்கட் டப்பாத் தகரம். தகரத்தை மட்டும் டீச்சர் வெட்டிக் கொடுத்தாள். பிள்ளைகள் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் நிற்க, மயிலாத்தாள் கொதிக்கும் அண்டாவின் மூடியைத் தூக்கினாள். ஆவி கையிலேயே அடித்தது. மூடி தடாலென்று விழுந்தது.

"பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள், கையை உதறிக்கொண்டே. நவ்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

குச்சி நீளம் போதவில்லை என்று அன்புக்கரசிக்கு நிச்சயமாகத் தோன்றியது. சொல்லிவிட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "அடுப்ப அணைச்சுட்டு இன்னொருக்கா தூக்கிக் காட்டுங்க. எங்க தப்புன்னு புள்ளைங்க பாக்கட்டும்."

ரவிதேஜா கத்தினான். "டீச்சர், ஆயாவுக்கு பீச்சாங்கைப் பழக்கமுங்க! தகரம் சோத்தாங்கைப் பக்கமா இருக்குது!"

தழும்பு இருந்தது எந்தக் கை என்று அன்புக்கரசிகூடப் பார்க்கவில்லை. மயிலாத்தாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பரிமாறுறதெல்லாம் சோத்தாங்கைலதானுங்க. பாரம் தூக்க மட்டும் இது வந்துருது. எத்தனை திட்டு வாங்கியும் மாத்த முடியலீங்க."

"கைய ஏனுங்க ஆயா மாத்தோணும்? தகரத்த மாத்திக்கலாமுங்க" என்றாள் நவ்யா.

மாற்றினார்கள். மறுநாள் ஆவி தகரத்தில் மோதி ஒதுங்கிப் போக, மூடி அலுங்காமல் கீழே இறங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு மயிலாத்தாள் மெல்ல வகுப்புக்குள் வந்தாள். கையில் ஒரு காலண்டர் தாள். பின்பக்கம் கரியால் கோணல்மாணலாக, ஏறி நிற்கிற படி ஒன்று வரைந்திருந்தாள்.

"ஒண்ணாப்புக் குட்டிகளுக்குத் தட்டுக் கழுவக் குழாய் எட்ட மாட்டேங்குதுங்க. இப்படி ஒண்ணு போட்டா ஆகுமுங்களா?"

நவ்யா நகர்ந்து இடம் விட்டாள். அன்புக்கரசி அளவு டேப்பை எடுத்து மயிலாத்தாளிடம் நீட்டினாள். "முதல்ல போய்க் குழாய் உயரத்த அளந்துட்டு வாங்க."