காக்கிச் சட்டையைத் துவைத்த நாள்

எட்டு வயதில் எனக்கு ஒரு குதிரைமேல் தீராத பொறாமை இருந்தது. ஜட்கா வண்டி ஓட்டிய அப்பா காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்ததும், வண்டியை அம்மா ஓட்டவேண்டியதாயிற்று. பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது. குதிரைக்கோ அப்பாவைத் தவிர யாரையும் ஆகாது. அம்மா சேணத்தோடு பக்கத்தில் போனாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது.

“என் சட்டையப் போட்டுக்கினு போ. வாசனைக்கு அடங்கும்” என்றார் அப்பா.

வியர்வை ஊறிய அந்தக் காக்கிச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு போனாள். அந்த முட்டாள் குதிரையும் முகர்ந்து பார்த்துவிட்டு அடங்கி நின்றது.

அத்தோடு எனக்கு அம்மா இல்லாமல் போனாள். விடிந்தால் குதிரைக்குக் கொள்ளு, குதிரைக்குக் குளியல், குதிரையோடு பேச்சு. நான் கோணல் வகிட்டோடு பள்ளிக்கூடம் போனேன். என்னைக் கூப்பிடும் ‘கண்ணு’வைக்கூட அதற்கே கொடுத்துவிட்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டைக்கு அரைக்கட்டி சோப்பைப் போட்டு, வாசனையே இல்லாமல் அடித்துத் துவைத்தேன்.

மறுநாள் காலை சட்டையை முகர்ந்த குதிரை எகிறிக் குதித்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடி நிச்சயம் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவளோ சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வெறும் புடவையோடு அதன் எதிரே போய் நின்றாள்.

“நானும்தான் பயந்துக்கினு இருக்கேன், கண்ணு. நீயும் பயந்தா நாம எப்டிப்பா ஸ்டேஷனுக்குப் போறது?”

வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு குதிரை தலையைத் தாழ்த்திக் கடிவாளத்தை வாங்கிக்கொண்டது. அப்புறம் அவள் அந்தச் சட்டையைத் தொடவே இல்லை.

சாயங்காலம் வந்ததும் என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். “சட்டைய நல்லாத்தான் தொவைச்சிருக்கே” என்று சிரித்தாள். அடி விழவில்லை. குதிரையை ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அவள் குதிரையிடம் சொன்னதில் எனக்குக் ‘கண்ணு’ மட்டும்தான் கேட்டிருந்தது. அதற்கு முன்னால் சொன்னது காதில் விழ எனக்குப் பல வருடங்கள் ஆயின.