அண்ணனின் கடைசிப் புளுகு

என் அண்ணனைப் போல ஒரு புளுகனை நான் பார்த்ததே இல்லை. லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு, "இதோ, ஒரே நிமிஷம்!" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பான். மாற்றவேண்டிய பாகம் கடையைவிட்டே கிளம்பியிருக்காது. கேட்டால், "பயந்து கத்துறவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லி என்னடா ஆகப்போகுது?" என்பான்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டு வீட்டோடு முடங்கிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு துணி மாதிரி துவண்டு வருவான். "ஜம்முனு இருக்கேன்" என்பான். குடும்பம் அண்ணியின் சம்பளத்தில் ஓடியது. ஒரு கொரிய உணவகத்தில் அண்ணிக்கு டம்ப்ளிங் மடிக்கிற வேலை. சாப்பிட வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கும்படி ஒரு கண்ணாடி அறை. உள்ளே உட்கார்ந்து, மாவு வட்டத்தில் கறியை வைத்து மடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கறியை முகர்ந்து பார்த்துப் பிசைவதும் அவள் பொறுப்புதான்.

ஒரு காய்ச்சலில் அந்த மூக்குக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுப்பருகில் நின்றபடியே ஒருநாள் பாலைத் தீயவிட்டாள். அண்ணன் கண்டுபிடித்துவிட்டான், என்னிடம் மட்டும் சொன்னான்.

"வேலை போயிடும்னு பயப்படுறா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியவேண்டாம்."

நல்ல ஜோடி! ஒருவருக்கொருவர் மறைப்பதிலேயே குடித்தனம் நடந்தது.

அந்த உணவகத்தில் ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. அண்ணி முதலாளியம்மாவிடம் கேட்டு, அவனுக்கென்று உப்பில்லாமல், பூண்டு மிளகாய் இல்லாமல் தனியாகக் கறி பிசைந்து முந்தின நாளே டப்பாவில் வைத்துவிட்டாள். கடைக்குத் தினமும் புதுக்கறி வரும், அன்றைக்கே தீர்ந்துவிடும். மறுநாளுக்குத் தங்கியது இந்த ஒரு டப்பாதான். அதையும் ஃபிரிட்ஜில் இடமில்லாமல், குளிர் எட்டாத கதவோரம் திணித்திருக்கிறாள்.

மதியம் நானும் அண்ணனும் போனோம். எனக்கு வறுத்த கோழி வந்தது. இரண்டு முறை எண்ணெயில் பொரித்து, சிவப்பாக ஏதோ பூசியிருந்தார்கள். அப்படியொரு மொறுமொறுப்பு! அண்ணன் கண்ணாலேயே பாதியைத் தின்றான். அவனுக்கு டம்ப்ளிங் மூங்கில் தட்டில் வந்தது. மூடியைத் திறந்ததும் கெட்ட வாடை வீசியது.

"அண்ணா, இது கெட்டுப்போச்சு. திருப்பிக் கொடுத்துடலாம்."

"சும்மா இருடா. திரும்பிப்போற தட்டை முதலாளியம்மாவே ருசி பார்ப்பாங்க. இந்தக் கடை வழக்கம் அது. அப்புறம் இவ மூக்கு விஷயம் சந்தி சிரிச்சிடும்."

"பையில போட்டுக்கலாமே."

"எப்படிடா? அங்க பாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி கைவேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் பல். அண்ணன் அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டைக் காலி செய்தான். படுபாவி! நான் கையைப் பிடித்தேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்துடுறேன், விடு."

எடுத்தான். அந்த உடம்புக்கு அது போதவில்லை. சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அண்ணி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"தம்பி தட்டுலேர்ந்து கோழியைத் திருடித் தின்னுட்டேன், டாக்டர். வாயைக் கட்ட முடியல."

டாக்டரை வெளியே அழைத்துப்போய் உண்மையைச் சொன்னேன். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்த வாரமே அண்ணன் போய்விட்டான்.

சாவு வீட்டில் அத்தனை பேருக்கு முன்னால் அண்ணி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"பத்தியத்துல இருக்கிற மனுஷன் முன்னாடி கோழியை வச்சுக்கிட்டுத் தின்னியே, உனக்கெல்லாம் நாக்கா அது? நான் செஞ்சதை எவ்வளவு ஆசையாச் சாப்பிட்டார், தெரியுமா? ஒண்ணு மிச்சம் வைக்கல. அதோட விட்டிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பார்!"

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். படுத்திருந்தான்.

"ஆமா அண்ணி, என் தப்புதான்" என்றேன்.